ஓகே சொன்னவன்

மேலிருந்து நிலத்தைப் படமெடுக்கும் ஆளில்லா சர்வே விமானத்துக்கு இறக்கை மாட்டியவனே அதைச் சோதிக்கக் கூடாது. எங்கள் இருவருக்கும் அதுதான் விதி. அன்று ஹொசக்கோட்டை ஏரிக்கரையில் மாட்டியது நான். சோதிக்க வேண்டியவன் விவேக்நகரில் என்னோடு வளர்ந்த நண்பன். விமானத்தைத் தலைக்கு மேல் ஒரு கையில் பிடித்திருந்தான். நான் ரிமோட்டில் கண் வைத்துக் குச்சியைத் தள்ளத் தள்ள, இறக்கைத் தட்டுகள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று அவன் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"லெஃப்ட் ஓகே, ரைட் ஓகே மச்சி," என்றான்.

அவன் வீசியதும் விமானம் இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் திருப்பினேன். இன்னும் இடதாகவே புரண்டு தரையில் மோதி உடைந்தது. இடது, வலது இறக்கைத் தட்டுகளின் வயர்களை மாற்றிச் சொருகியது நான்தான். அதை மறுக்கவில்லை.

ஆபீசில் அவன், "தப்பா அசையுதுன்னு சொன்னேன் சார், இவன்தான் கேக்கல," என்றான்.

விமானத்தின் அடியிலிருக்கும் கேமரா, சுவிட்ச் போட்டதிலிருந்தே படம் எடுக்கும் என்பதை மறந்துவிட்டான். சோதனை நேரத்துப் படங்கள் எல்லாவற்றிலும் அவனுடைய குனிந்த உச்சந்தலை, அதற்குக் கீழே மறுகையில் போன்.

ஒரு படத்தை அவனுக்கு மட்டும் அனுப்பினேன். உடனே பார்த்துவிட்டான். போனை மட்டும் எப்போதும் ஒழுங்காகப் பார்ப்பான்.