ஓட்டுப் போடப் பத்துக் கேள்வி

“படிக்காத ஆளு கையில ஓட்டைக் குடுக்கிறது, கண்ணு தெரியாதவன் கையில துடுப்பைக் குடுத்த மாதிரி.”

காலைப் படகில் எனக்குப் பின்னால் யாரோ யாரிடமோ சொன்னது. திரும்பிப் பார்க்கவில்லை, அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது. ஆனால் உள்ளுக்குள் ‘சரிதான்’ என்று சொல்லிக்கொண்டேன். ஊர்ச் சங்கங்களில் எழுத்தராகக் குப்பை கொட்டுகிறவர்களுக்கு அது ஏன் என்று புரியும். கைநாட்டு வைப்பது ஊர், மை ஒட்டுவது நம் விரலில்.

ஆரம்பாக்கம் பக்கம் நெல் விதைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். அரசியல் அறிவியலில் பட்டம் வாங்கினேன். அதைக் கொண்டு கிடைத்த வேலை, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு குப்பத்தின் மீனவர் சங்கத்தில். அரசாங்கத்தில் பதிவு செய்த சங்கம் அல்ல. கூட்டத்தில் கை தூக்கினால் அதுதான் விதி.

கண்ணாடி எடுத்து வரவில்லை

எங்கள் தலைவர் பெயர் தேசப்பன். பதினான்கு வருஷமாக அவர்தான் தலைவர். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் முதலில் சட்டைப்பையைத் தடவுவார். “கண்ணாடி எடுத்துட்டு வரல. எங்க போடணும்?” என்பார். போடச் சொன்ன இடத்தில் கையெழுத்தை மட்டும் அழகாகப் போடுவார். அந்தக் கண்ணாடியை நானோ ஊரில் வேறு யாருமோ பார்த்ததில்லை.

ஒருநாள் ஏதோ அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டேன். ‘எங்கள் ஊருக்குப் படகுத்துறை தேவையில்லை’ என்று இருந்தது. ‘படிச்சுட்டுப் போடுங்க ஐயா’ என்று மூன்றே வார்த்தை. தொண்டை வரை வந்தது. அது வாய்க்கு வருவதற்குள் அவர் கையெழுத்தை முடித்துவிட்டார். இன்றைக்கும் எங்கள் குப்பத்துப் பெண்கள் தலையில் மீன்கூடையோடு இடுப்புத் தண்ணீரில்தான் இறங்குகிறார்கள். விஷயம் வெளியே வந்தபோது ஊரே அவரைத் திட்டியது. எனக்கு முன்பே தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. மறுநாள் அவர் என்னிடம் சொன்னார்: “எழுத்து குண்டுகுண்டா நல்லா இருந்துச்சும்மா. அவ்ளோ நல்ல எழுத்துல கெட்டது எழுதுவாங்கன்னு நெனைக்கல.”

பார்த்திபன் கொண்டுவந்த விதி

பார்த்திபன் இன்ஜினியரிங் படித்தவன். மீஞ்சூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறான். அவனைப் பொல்லாதவனாக நினைத்துவிடாதீர்கள். அந்த இடுப்புத் தண்ணீரில் இறங்குகிறவர்களில் அவன் அம்மாவும் ஒருவர். அடுத்த கூட்டத்தில் அவன் எழுந்து நின்றான். “பைக் ஓட்டவே லைசென்ஸ் கேக்கறாங்க. சங்கத்தை நடத்த ஒரு தகுதி வேணாமா? எழுதப் படிக்கத் தெரிஞ்சவன்தான் தலைவருக்கு நிக்கணும். ஓட்டுப் போடறவனும் சங்கத்தைப் பத்திப் பத்து கேள்விக்காவது பதில் சொல்லணும்.” படகுத்துறைக் கோபத்தில் இருந்த ஊர் கையைத் தூக்கியது. பத்துக்கு ஐந்து வாங்கினால் தேர்ச்சி. கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். அதுவரை நான் பதில் மட்டுமே எழுதி வந்தவள்.

அந்தத் தேர்தலில் வேறொன்றும் இருந்தது. ஊருக்குப் பின்னால் ஒரு சேற்றுத்திட்டு. முழங்கால் ஆழம். வலையும் படகும் இல்லாத குடும்பங்கள் அங்கேதான் கையால் தடவி இறால் பிடிக்கின்றன. படகு வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றிக் கழி நட்டு வலை கட்டலாமா என்று புதிய நிர்வாகம் முடிவு செய்யும். கட்டிவிட்டால் அவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் இருந்தது ஓட்டு மட்டும். பள்ளிக்கூடம் போனவர் அவர்களில் ஒருவரும் இல்லை. அவர்களில் ஒருத்தியான பூங்காவனம் சங்க அறை வாசலில் நின்றபடியே கேட்டாள்: “பரீட்சை வைங்க. பெயிலானா வாத்தியாரு அடிப்பாரு, அவ்ளோதான? திட்டைப் புடுங்கிக்க மாட்டாரே?”

கல்லறைக்கு எதிர்க்கடை

கேள்வித்தாளை நகல் எடுக்கப் பழவேற்காடு கடைத்தெருவுக்குப் போனேன். டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே ஒரு பாய் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருக்கிறார். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, எதற்கு இது என்று கேட்டார். சொன்னேன். அவர் தெருவுக்கு அந்தப்புறம் கை காட்டினார். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே கற்கள் நிறைய எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் நேற்று வெட்டியது போல இருக்கும்.

“எல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க தங்கச்சி. காத்தைப் பார்த்துக் கப்பல் விட்டவங்க. கோட்டையில உக்காந்து ஊரை ஆண்டாங்க. எவ்ளோ எழுதி வச்சிருக்காங்க பாரு. இந்த ஊரு ஜனத்தை ஒரு வார்த்தை கேட்டோம்னு மட்டும் எந்தக் கல்லுலயும் இல்ல.”

வரிசையாகக் கேளுங்கள்

எழுதத் தெரியாதவர்களுக்கு வாய்மொழித் தேர்வு. விடைகள் எப்படியோ வெளியே போய்விட்டன. ஊர் முழுக்க மனப்பாடம். காப்பியைத் தடுக்க நினைத்துக் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டேன். ‘சங்கம் எப்போது கூடும்?’ என்றால் ஒருவர் “ஏழு பேர்” என்றார். ‘செயற்குழுவில் எத்தனை பேர்?’ என்றால் “அமாவாசை” என்றார். நான் தலையைக் குனிந்து சிரிப்பை மறைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: “வரிசையா கேளு கிளார்க்கம்மா. வலையை எவனாவது நடுவுல இருந்து இழுப்பானா?”

நான்காம் கேள்வி

ஊருக்கு முன்மாதிரியாகத் தேசப்பன் முதல் நாளே இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். நான்காம் கேள்வி, ‘சங்கத்தின் எல்லை எது?’ என்னிடம் இருந்த விடை: ‘ஒன்று முதல் நான்கு வரையான வார்டுகள்.’ அவர் கண்ணை மூடிக்கொண்டார். வடக்கே எந்த இடத்தில் படகு தள்ளும் கழி தரையைத் தொடாமல் போகும், கிழக்கே எந்த இடத்தில் கடல் தண்ணீர் கலந்து நாக்கில் உப்பேறும், மேற்கே எந்தப் பனையைப் பார்த்துப் படகைத் திருப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வார்டு என்ற சொல் மட்டும் வரவில்லை. நான் பூஜ்யம் போட்டேன். நேர்மையாக இருப்பதாக நினைத்துத்தான் போட்டேன்.

மொத்தம் நாலு மதிப்பெண். ஐந்துதான் தேர்ச்சி. முகம் கொஞ்சம் வாடியது. எழுந்து போகும்போது கேட்டார்: “நாலாவதுக்கு நான் தப்பா சொன்னேனா, இல்ல ஏரி தப்பா இருக்குதாம்மா?”

வாயில் பறி

தேர்வுக்குக் காலை பத்து மணி என்று போட்டது நான். நாள்காட்டியைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் பத்து மணிக்குத்தான் திட்டில் தண்ணீர் வற்றும். இறால் பிடிக்கிறவர்கள் வேறு எங்கும் போக முடியாது. அவர்கள் பத்தொன்பது பேரில் ஒருவரும் வரவில்லை. பார்த்திபன் நோட்டில் ‘வராதவர் தேறாதவர்’ என்று எழுதினான். நேரத்தை வைத்தவள் நான் என்று அப்போதும் எனக்குச் சொல்ல வரவில்லை. கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு, சுடிதாரை மடித்துக்கொண்டு, சேற்றில் இறங்கினேன்.

அவர்கள் மண்டியிட்டுத் தவழ்ந்து போவார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் தடவிக்கொண்டே இருக்கும். பனையோலைக் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குப் பறி என்று பெயர். பிடிபட்ட இறால் நேரே அதற்குள் போகும். “செயற்குழுவில் எத்தனை பேர்?” என்று பூங்காவனத்திடம் கேட்டேன். சேற்றிலிருந்து ஒரு கை மேலே வந்து ஐந்து விரலை விரித்தது. அடுத்த கையில் இரண்டு விரல். மற்ற விரல்களுக்குள் ஓர் இறால் துடித்தது. ஏழு. சரியான விடை. தலையாட்டியும் விரல் காட்டியுமே ஆறு மதிப்பெண் வாங்கினாள். பத்தொன்பது பேரில் பதினோரு பேர் தேறினார்கள். கரையேறியதும் அவளிடம், எப்படித் தெரியும் என்று கேட்டேன். “ஏழு நாற்காலிதான போடறீங்க? வாசல்ல நின்னு பாக்கறோமே” என்றாள். பிறகு பறியைக் கீழே வைத்துத் தாடையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “வாயத் தொறந்தா பறி போயிடும் கிளார்க்கம்மா. அதான் வாயத் தொறக்காமயே எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கோம்.”

பட்டியல்

அறைக்கு வெளியே நடந்த தேர்வு செல்லாது என்று பார்த்திபன் சொல்லிவிட்டான். பத்தொன்பது பேரும் தேறாதவர்கள்தான். ஓட்டு இழப்பவர்களின் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டால் அமலுக்கு வரும். கூட்டத்தன்று பார்த்திபன் அதைத் தேசப்பன் முன்னால் வைத்தான். அவர் பேனாவைத் திறந்துகொண்டு சட்டைப்பையைத் தடவினார்.

“கண்ணாடி எடுத்துட்டு வரல. எங்கப்பா போடணும்?”

நான் அதே எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் இறால் பிடிக்கிற பெண்கள் ஈரத் தலையோடு நின்றிருந்தார்கள்.

“படிச்சுட்டுப் போடுங்க ஐயா” என்றேன்.

“இன்னா மேடம்?” என்றான் பார்த்திபன். அவனுக்கு நிஜமாகவே காதில் விழவில்லை. எழுந்து நின்று இன்னொரு முறை சொன்னேன்.

தேசப்பன் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “நீயே படிம்மா. சத்தமா.”

படித்தேன். மூன்றாவது பெயர், தேசப்பன். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

பார்த்திபன் கண்ணைத் தாழ்த்தவில்லை. “விதின்னா எல்லாருக்கும் விதிதான் தலைவரே.”

“அது சரிதான்” என்றார் தேசப்பன். “இன்னொரு தபா படிம்மா. மெதுவா.”

எல்லாப் பெயரையும் மறுபடி படித்தேன். தன் பெயர் வந்தபோது, பள்ளிக்கூடத்தில் சொல்வது போல, “இருக்கேன்” என்றார். நான் முடித்ததும் பேனாவை மூடி, கையெழுத்தில்லாத அந்தப் பட்டியலின் மேல் வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போனார். பூங்காவனம் பறியை நகர்த்தி இடம் விட, அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.