வயலுக்குள் ஒரு சீதன வீடு

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். ஆகவே பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மூத்தவளுக்கு நான் இருந்த வீட்டையே கொடுத்தேன். நிக்காஹ்வுக்கு முன்னமே முழு வளவையும் அவள் பெயரில் எழுதினேன். அரைவாசியை வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பாதி வீடு கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நானும் மனைவியும் இளையவளும் பின்னால் சமைக்கிற குசினியில் ஒதுங்கினோம்.

இளையவளுக்கு இடம் தேடினேன். கடலோரத்தில் கட்ட விடமாட்டார்கள். கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் வீடுகள் சுவரோடு சுவர் முட்டி நிற்கின்றன. அங்கே ஒரு துண்டு வாங்க என்னைப்போல மீன் விற்கிறவனால் ஏலாது. மிச்சம் மேற்கே வயல். ஒரு துண்டு வாங்கி, கிறவல் மண் போட்டு நிரப்பி, சுவர் எழுப்பி ஓடும் போட்டேன்.

பிறகுதான் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்தார்.

"வயல நிரப்பக் கூடாது, காக்கா. கரண்ட் தரமாட்டாங்க. ரோட்டும் வராது."

"அங்கால கலியாண மண்டபம் நிக்கிது. அதுவும் வயல்தானே?"

"அதப் பத்தி என்னோட கதைக்காதீங்க."

இளையவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தார். ஓட்டோக்காரன் மதகடியில் நிறுத்திவிட்டான். அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்து வந்தார். ஒரு செருப்பு சேற்றோடு போனது. என் மகள் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவினாள்.

காலை நீட்டிக் கொடுத்தபடியே அவர் என் மனைவியிடம் கேட்டார். "என்னகா, இது மாப்பிள்ளைக்குக் கட்டின வீடா, கொக்குக்குக் கட்டின வீடா?"

மகள் மற்றக் காலையும் கழுவி முடித்தாள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

அந்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து மூத்த மருமகன் வந்தார். "வீடு கட்டிட்டீங்கதானே, மாமா. குசினிய எங்களுக்கு விடுங்களன்."

மூத்தவள் வாசலில் நின்றாள். சாமான்களை மீன் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வயல் வீட்டுக்கு வந்தோம்.

இளையவள் மெயின் ரோட்டில் புடவைக்கடையில் வேலை செய்தாள். மாரி தொடங்கியதும் வரம்பு தண்ணீருக்குள் போனது. ஓட்டோ மதகடிக்கும் வராது. நடந்து போய்ப் பஸ் பிடிக்கப் பிந்தும். முதலாளி அவளை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்.

இப்போதும் சம்பந்தம் பேசுகிறவர்கள் எங்களுக்குப் போன் எடுப்பார்கள். வயது கேட்பதில்லை. படிப்பும் கேட்பதில்லை. போன கிழமை அவளே போனைத் தூக்கினாள்.

"வீடு எங்க, மகள்?"

"வயலுக்குள்ள."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

"ஆரு புள்ள?" என்று மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பிழையான நம்பர், உம்மா."