வழுக்காத கோணம்

எட்டு வயதிலேயே பௌதிகவியல் என்னை ஏமாற்றிவிட்டது. அந்தக் கோபம் இன்றைக்கும் முழுக்க ஆறவில்லை.

எத்தாளையில் எங்கள் வீட்டில் அப்போது மூத்தவள் ராத்தாவுக்கு உயர்தரச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. உராய்வுக் குணகம் என்ற ஒன்றோடு அவள் இரவு பகலாக மல்லுக்கட்டினாள். "கரடான சாய்தளத்தில் ஒரு குற்றி ஓய்வில் உள்ளது" என்று கணக்கை உரக்க வாசிப்பாள். மரக்குற்றியைச் சரிவில் கொண்டுபோய் வைத்தது யார், உலகத்தில் வேறு இடமா இல்லை என்று நான் கேட்பேன்.

"வாய மூடிட்டுப் பாகைமானியப் புடி" என்பாள்.

எனக்கு விளங்கவில்லை என்று செய்தே காட்டினாள். உம்மாவின் பெரிய ட்ரேயில் கிளாஸை வைத்து ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துவோம். ஒரு சாய்வு வரும்வரை கிளாஸ் அசையாது. அதைத் தாண்டினால் சர்ரென்று வழுக்கும். பாதிக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தாலும் அதே கோணத்தில்தான் வழுக்கியது. பாரம் கூடியும் கோணம் மாறவில்லையே! எனக்குத் தலை சுற்றியது.

அந்தக் கிழமையே பாலாவியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. லீவு முடிவதற்குள் நிக்காஹ் வைக்க நாள் குறிக்கத்தான் அந்த வருகை. சோதனையை எழுதவிடுங்கள் என்று ராத்தா அழுது பார்த்தாள். "சோதனை எங்கயும் ஓடாது. நல்ல மாப்புள கிடைக்கிறது லேசா?" என்றார் வாப்பா. அத்தோடு கதை முடிந்தது.

ஆண்கள் இருந்த ஹோலுக்கு ராத்தா போக முடியாது. சர்பத்தை நான்தான் கொண்டுபோக வேண்டும். குசினியில் ட்ரேயை என் கையில் தந்தாள். அது அன்றைக்குப் பளபளவென்று மினுங்கியது. வந்தவர்களுக்காகத் துடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"பயப்படாமப் போ. கொஞ்சம் சரிஞ்சாலும் வழுக்காது. செஞ்சு பாத்தம்தானே."

பெரிய மனுஷி போல நடந்து போனேன். மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு முன்னால் லேசாகத்தான் குனிந்தேன். நாங்கள் அளந்த சாய்வில் கால்வாசிகூட இல்லை. அத்தனை கிளாஸும் ஒன்றாகப் புறப்பட்டு அவருடைய வெள்ளைச் சாரத்தில் போய் இறங்கின. அதுவும் சிவப்புச் சர்பத்!

"யா அல்லாஹ்!" என்று திரைக்குப் பின்னால் உம்மா கத்தினாள். மனிதர் சாரத்தை உதறிக்கொண்டு எழுந்து வேனில் ஏறிவிட்டார். மற்றவர்களும் நாள் குறிக்காமலே பின்னால் போனார்கள். வாப்பா சமாதானம் பேசி மறுபடி அழைப்பதற்குள் லீவு முடிந்து மாப்பிள்ளை பறந்துவிட்டார். ராத்தா சோதனை எழுதினாள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நான் அறைக்குள் ஓடி ராத்தாவின் மடியில் விழுந்து விக்கினேன்.

"நம்மட கணக்கு பிழையா ராத்தா?"

"இல்ல தங்கம். கணக்கு சரி."

"அப்ப ஏன் வழுக்கின?"

அவள் என்னை இறுக்கி அணைத்து அழுதாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. என் கண்ணைத் துடைத்த அவள் விரல்களில் தேங்காய் எண்ணெய் மணத்தது. காலையில்தான் ஷாம்பு போட்டு முழுகினாள். அதற்குள் மறுபடியும் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாளே, உம்மா ஏசப்போகிறாளே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.