கஸ்பாரின் பல்செட்டும் பிளீச்சிங் தண்ணீரும்

தோலைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் போதும், அது தொட்டியில் எத்தனை நாள் ஊறியது என்று கஸ்பார் சொல்லிவிடுவார். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் சுண்ணாம்புத் தொட்டிகளைக் கவனித்துக்கொண்டவர். வேலையை விட்டு வந்த மறு வருஷம், தொண்ணூற்றெட்டில், அவருடைய கடைசிப் பல்லும் விழுந்தது.

கீழ் ஈறு தேய்ந்து கத்தி முனையாகியிருந்ததால் சாதாரணப் பல்செட் குத்தியது. பல் டாக்டர் ஆனந்தி அதன் அடிப்பக்கத்தில் ரப்பர் போல மெத்தென்று ஒரு பூச்சு வைத்துக் கொடுத்தார். கஸ்பாருக்குத் தலைகால் புரியவில்லை. முறுக்குக்கூடக் கடித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, பழையபடி வாசிக்க முடிந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் குரல் பிரித்து வாசிப்பார்கள். நடந்ததைச் சொல்லிக்கொண்டு போகும் நீளமான பகுதி இருபத்திரண்டு வருஷமாகக் கஸ்பாருடையது.

இரண்டே மாதத்தில் அந்த மெத்து இறுகிப்போனது. தவக்கால ஒத்திகையில் இரண்டாம் பக்கம் திரும்புவதற்குள் கண்ணில் நீர் முட்ட, பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றினார்.

பள்ளிக்கூட வாத்தியார் பிராங்கிளின் பக்கத்தில் நின்றிருந்தான். "மாமா, நீங்க பொக்கை வாயோட வாசிச்சா தீர்ப்பு சொல்ற பிலாத்தே சிரிச்சுருவான். இந்த வருஷம் நான் வாசிக்கிறேன், விட்டுருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரித்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கைக்குட்டையை மேசையில் எறிந்தார்.

"அந்த டாக்டரம்மா மட்டமான சரக்கைப் போட்டு ஏமாத்திருச்சு" என்று மனைவியிடம் கத்தினார்.

"எங்கிட்ட கத்துனா பல்லு முளைக்குமா? அங்க போயிக் கேளுங்க" என்றாள் சகாயராணி.

மறுநாள் காலையில் போய்க் கேட்டார். ஆனந்தி பல்செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூச்சு வெளுத்து, சிறு சிறு கொப்புளம் கண்டிருந்தது.

"இதை எப்படிக் கழுவுறீங்க ஐயா?"

கஸ்பார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்தத்துல நம்மள மிஞ்ச ஆளில்ல. ராத்திரி பூரா பிளீச்சிங் பவுடர் தண்ணியில ஊறப் போடுவேன். காலையில கொதிக்கக் கொதிக்க வெந்நி. அப்புறம் செத்த நேரம் வெயில்ல காய வச்சு மாட்டிக்குவேன்."

"நான் ஒரு சீட்டு எழுதிக் குடுத்தேனே?"

"குடுத்தீங்க. சட்டைப் பையிலதான் இருந்துச்சு."

"கோயில்ல அம்புட்டு வாசிக்கிறீங்களாம், நம்ம சீட்டுல நாலே வரி. அதை வாசிக்க நேரமில்லையா?"

டாக்டர் மேசையிலிருந்து அதே பூச்சின் புதுத் துண்டு ஒன்றை எடுத்துப் பழைய பல்செட்டின் பக்கத்தில் வைத்தார். "ரெண்டையும் அழுத்திப் பாருங்க."

கஸ்பார் கட்டைவிரலை வைத்தார். புதுத் துண்டு அமுங்கி எழுந்தது. பழையது அசையவில்லை. அவர் முகம் மாறிவிட்டது.

"கெடு தாண்டி ஊறுன தோலு மாதிரி இருக்கு" என்றார் மெதுவாக. "இப்படிக் கெடுத்தவனையெல்லாம் நான் தொட்டியடியிலேயே நிக்க வச்சு வஞ்சிருக்கேன்."

"மெத்துன்னு இருக்கிறதுக்கு உள்ள ஒரு எண்ணெய்ப்பசை மாதிரி இருக்கும். பிளீச்சிங்கும் கொதிதண்ணியும் அதை வெளிய இழுத்துருச்சு. சாப்பிட்டதும் பச்சைத் தண்ணி, லேசான சோப்பு, மெல்லிசான துணி. ராத்திரி வெறும் தண்ணியில கெடக்கட்டும், காய விடாதீங்க. இதுக்குன்னு விக்கிற மாத்திரை வாங்குறதா இருந்தாலும் என்னையக் கேட்டுட்டுப் போடுங்க."

"புதுசா வச்சுக் குடுத்துருங்க, இன்னைக்கே."

"முடியாது. ஈறு புண்ணாக் கெடக்கு. பத்து நாள் வெறும் வாயா இருந்தா ஆறும். அப்புறம்தான் புதுப் பூச்சு."

பெரிய வெள்ளிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கஸ்பார் விரல் மடக்கி எண்ணிவிட்டு நேரே பிராங்கிளினைத் தேடிப் போனார்.

"ஏப்பா, நீ படிச்சுத் தயாரா இரு. வியாழக்கிழமை எனக்கு வாய் ஒத்துக்கலைன்னா நீதான்."

"ஒத்துக்கிட்டா?"

"பேசாம மக்கள் கூட்டத்தோட போயி நின்னு 'சிலுவையில் அறையும்'னு கத்து."

பத்து நாளும் கூழும் ரசஞ்சோறும்தான். மத்தியான வேளையில் வெறும் வாயோடு மூச்சை எங்கே விடுவது, எங்கே நிறுத்துவது என்று மட்டும் பழகினார். சொற்கள் காற்றாகப் போயின. "எனக்குப் புரியுது, நீங்க வாசிங்க" என்று சகாயராணி வெஞ்சனத்துக்குக் காய் அரிந்தபடி சொன்னாள்.

புதன்கிழமை புதுப் பூச்சு வந்தது. வியாழன் வீட்டிலேயே முழுவதும் வாசித்துப் பார்த்துவிட்டு, "நானே வாசிக்கிறேன்" என்று பிராங்கிளினுக்குச் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் நிறைந்திருந்தது. முதல் வரியில் பல்செட் லேசாகச் சீட்டியடித்தது. நாக்கை அடக்கி நிதானித்தார். பிறகு தடையில்லை. ஆண்டவர் உயிர்விட்டதைச் சொல்லும் வரி முடிந்ததும், வழக்கம்போல மொத்தச் சபையும் முழந்தாளிட்டது. குனிந்த தலையோடு கஸ்பார் நாக்கால் ஈறை மெல்லத் தடவிப் பார்த்தார். வலி இல்லை. எழுந்து நின்று, மிச்சத்தை வாசிக்கத் தொடங்கினார்.