சிவப்புப் பட்டை கட்டிய கை

வேல்ஸ் நாட்டில் டவி ஆற்றங்கரையில் பால்மாடு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அப்பன் விட்டுப்போன நிலம், தாத்தன் கட்டிய கொட்டகை என்று உட்கார்ந்து ஆள்கிறவர்களே அதில் முக்கால்வாசி. இத்வால் ப்ரைஸ் அப்படி வந்தவன் இல்லை. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்தவன் கொட்டகையில் சாணி அள்ளினான். முப்பது வயதில் குத்தகைக்கு நிலம் பிடித்தான். நாற்பத்து நாலில் நூற்றிருபது மாட்டுக்குச் சொந்தக்காரனாகித் தன் பெயர் எழுதிய பலகையைச் சாலையோரத்தில் நட்டான். சொல்வதற்கு மூன்று வரிதான். செய்தவனுக்குத்தான் இடுப்பு வலி தெரியும்.

அவன் மார்தட்டிச் சொல்லும் கதை ஒன்று உண்டு. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டுக்குப் பின்னங்காலில் சிவப்புப் பட்டை கட்டுவார்கள். ஊசி மருந்து பாலில் இறங்கும் என்பதால், பட்டை அவிழும்வரை அந்த மாட்டின் பால் பெரிய தொட்டிக்குள் போகக் கூடாது. ஒரு விடியற்காலையில், தூக்கக் கலக்கமோ என்னவோ, பட்டை கட்டிய மாட்டையும் சேர்த்துக் கறந்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பால் வண்டி வருவதற்குள் தானே போன் போட்டுச் சொன்னான். தொட்டிப் பால் முழுவதையும் சாணிக் குழிக்குத் திறந்துவிட்டான்.

"ஒரு சொட்டு கலந்தாலும் கலந்ததுதான். வண்டிக்குள்ள என் பால் மட்டுமா போகுது? ஊர்ப் பாலே கெட்டுப்போகும்ல!" மாட்டுச் சந்தையிலும் தேவாலய வாசலிலும் இதை அவன் சொல்லாத வாரம் கிடையாது. கேட்பவர்களும் தலையை ஆட்டுவார்கள். ஆட்டத்தான் வேண்டும், உண்மை அல்லவா.

அப்பேர்ப்பட்டவன்தான் பெற்ற மகள் வாயில் கலந்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவள் ஹெலெத். ஆறாவது வாரத்தில் தாய் மெலெரிக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனது. கடையில் டின் பால்மாவு வாங்கினார்கள். அன்று பிடித்தது சனி. குழந்தையின் கன்னம் இரண்டும் சுட்ட தக்காளிபோல் சிவந்தது. முழங்கால் மடிப்பில் தோல் வெடித்தது. பாதிப் பாட்டில் உள்ளே போனதும் வில்லாக வளைந்து வீறிட்டாள். டயாப்பரில் ரத்தம் நூல் நூலாக வந்தபோது மெலெரி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

கைக்குழந்தைகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் நெஸ்டா பெவன் வந்தாள். அறுபது வயது, பேச்சில் சர்க்கரை போடுகிற பழக்கம் இல்லாதவள்.

"பசும்பால் ஒத்துக்கலையோன்னு சந்தேகமா இருக்கு" என்றாள்.

இத்வால் வாய்விட்டுச் சிரித்தான். "மிசஸ் பெவன், நீங்க எந்த வீட்டுல நின்னு பேசறீங்க தெரியுதா? வெளியில நூத்திருவது பேரு நிக்கிறாளுங்க, அவளுங்க காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டும். டாக்டர் ஒரு மாவு எழுதித் தருவார். அதுல பாலோட புரதத்தைத் துண்டு துண்டா உடைச்சிருப்பாங்க. நாலு வாரத்துக்கு அது மட்டும்தான். வேற பால் ஒரு சொட்டு படக் கூடாது. அப்புறம் தோல் ஆறுதா, ரத்தம் நிக்குதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

பால் வண்டி ஓட்டுகிற கெத்தினுக்கு இது எட்ட ஒரு நாள்கூட ஆகவில்லை. "கசாப்புக்காரன் வீட்டுல சைவப் பிள்ளை பொறந்த கதையா இருக்கேடா" என்று வண்டியைவிட்டு இறங்கும்போதே சிரித்தான். இத்வாலுக்குச் சுருக்கென்றது. அவன் பாலைக் குடித்து இந்தச் சுற்றுவட்டாரமே வளர்கிறது. சொந்தப் பிள்ளைக்கு மட்டும் அது விஷமா?

மருந்துக் கடையிலிருந்து வந்த அந்த மாவைக் கரைத்தால், உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை மூன்று நாள் மூடிவைத்துத் திறந்த வாடை. நாக்கில் பட்டால் கசப்பு. ஹெலெத் ஒரு வாய் உறிஞ்சுவாள், முகத்தைச் சுளிப்பாள், துப்புவாள். இரண்டு நாளாக இதே கூத்து. குழந்தை அழ, மெலெரி அழ, மூன்றாம் நாள் காலை கறவை முடிந்து இத்வால் சமையலறைக்குள் வந்தபோது, "நீயே பாரு, என்னால முடியல" என்று குழந்தையையும் பாட்டிலையும் அவனிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கன்று வளர்க்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? தாயைவிட்டுப் பிரித்த கன்று வாளியை முதலில் தொடாது. ரப்பர் காம்பைப் பாலில் தோய்த்து நாக்கில் தடவினால், அந்த ருசியில் ஏமாந்து உறிஞ்சத் தொடங்கும். பிறகு உள்ளே என்ன வந்தாலும் குடித்துவிடும். முப்பது வருடமாக ஆயிரம் கன்றுக்குச் செய்த கை அது. தேநீருக்கென்று தொட்டியிலிருந்து பிடித்துவந்த பால் ஜன்னலோரக் குவளையில் இளஞ்சூடாக இருந்தது. மூளைக்குத் தகவல் போவதற்குள் கை பாட்டிலின் காம்பை அதில் தோய்த்து எடுத்துவிட்டது.

ஹெலெத் நக்கினாள். கண்ணை அகல விரித்தாள். பிறகு கடகடவென்று குடித்தாள்.

மெலெரி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது பாட்டில் காலி. அவள் அவன் தோளில் சாய்ந்து விம்மினாள். "எப்படி இத்வால்? எப்படிச் செஞ்ச?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் பிறகு கிடைக்கவே இல்லை. அவன் சொன்னது வேறு. "கை ராசி. என்கிட்ட குடிக்காத கன்னும் இருக்கா?"

அதன் பிறகு காலைப் பாட்டிலும் மாலைப் பாட்டிலும் அவன் பொறுப்பு. நக்குவது என்ன குடிப்பதா, ஒரு தடவல்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். சந்தையில், "டாக்டர் மாவு எழுதுவாரு, அதக் குடிக்க வைக்க இத்வால்தான் வரணும்" என்று பேசினான். மெலெரி ஒரு நோட்டில் எத்தனை அவுன்ஸ் குடித்தாள், தோல் எப்படி, டயாப்பரில் என்ன என்று ஒன்றுவிடாமல் எழுதுவாள். அவன் கொடுத்த பாட்டிலுக்கெல்லாம் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டுவைத்தாள்.

இரண்டாவது வாரம் குழந்தையின் உதட்டைச் சுற்றி வளையமாகச் சிவப்புத் தடிப்பு. காம்பு படுகிற இடம். இத்வால் அதைப் பார்த்தான். மாட்டின் மடியைத் தொட்டே நோய் சொல்கிறவனுக்கு அது என்னவென்று தெரியாதா? ஈரத்துணியால் துடைத்துவிட்டான், துடைத்தால் போய்விடும் என்பதுபோல.

மறுநாள் தோய்க்காமல் கொடுத்தான். ஹெலெத் வீடே அதிரக் கத்தினாள். மெலெரி ஓடிவந்தாள். "என்னாச்சு உன் கைக்கு?" என்றாள். கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் கண்ணில் பயம் இருந்தது. "துணி காயப்போட்டிருந்தியே, மழை வருது பாரு" என்று அவளை வெளியே அனுப்பிவிட்டுக் குவளையை எடுத்தான். முதல் தடவை கை செய்தது. அந்தத் தடவை செய்தது அவன். பின்னாளில் எவ்வளவோ சமாதானம் தேடிப் பார்த்தான், அதற்கு மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாவது வாரமும் தோல் ஆறவில்லை. தன்னால்தானோ என்று மெலெரி தன்னையே துருவித் துருவிப் பார்க்கத் தொடங்கினாள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். பாட்டில்களுக்கென்று தனி அலமாரி ஒதுக்கினாள். ஒரு நாள் தேநீர் குடித்துவிட்டுக் குழந்தையிடம் போனவள் பாதியில் திரும்பிவந்து, குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்துத் துப்பி, உதட்டைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் போய் முத்தம் கொடுத்தாள்.

மேசையருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த இத்வால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டான்.

"சாப்பிடலையா?"

"பசிக்கல."

நாலு வாரம் முடிந்த வியாழக்கிழமை நெஸ்டா பெவன் வந்தாள். குழந்தையின் துணியைக் கழற்றிப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

"டாக்டர்கிட்ட நேத்தே பேசினேன். நாலு வாரம் சுத்தமா இருந்தும் துளிகூட இறங்கலைன்னா, பால் காரணம் இல்லைன்னுதான் நினைக்கணும். திங்கட்கிழமையிலேருந்து பழைய மாவுக்கே போயிடலாம். வேற என்னன்னு தேடுவோம்."

"நான் எங்கயோ தவற விட்டிருக்கேன்" என்றாள் மெலெரி. குரல் தேய்ந்திருந்தது. "என் ஸ்வெட்டர்ல பட்டிருக்கும். இல்ல, என் கையில."

"பைத்தியமா நீ? உன்ன மாதிரி எழுதி வச்சவள என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. உன்மேல ஒரு குத்தமும் இல்ல."

இத்வால் கணக்குப் போட்டான். திங்கட்கிழமை. முழுப் பாட்டில், ஒரு நாளைக்கு ஆறு தடவை. நக்கியதற்கே இப்படி என்றால்? வெளியே பால் வண்டி ஹாரன் அடித்தது. தப்பித்தோம் என்று எழுந்து போனான்.

கெத்தின் தொட்டி மூடியைத் திறந்து, நீளக் கரண்டியால் சோதனைக்குப் பால் மொண்டு சின்னப் புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தான். பதினோரு வருடமாகக் கேட்கிற கேள்வியை அன்றும் கேட்டான். "என்ன எசமான், கலப்பு ஏதாச்சும் உண்டா? உண்டுன்னா வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி சொல்லிடு."

"என் தொட்டியிலயா?" என்று பதில் வரவேண்டும். வரவில்லை. கெத்தின் நிமிர்ந்து பார்த்தபோது இத்வால் வீட்டைப் பார்த்துப் பாதி முற்றம் தாண்டியிருந்தான்.

நேரே ஜன்னலுக்குப் போனான். பால் குவளையை எடுத்து நெஸ்டாவின் முன்னால் நோட்டின்மேல் வைத்தான்.

"இதுல தோய்ச்சேன்."

"எத?"

"பாட்டில் காம்ப. கன்னுக்குட்டிக்குச் செய்யிற மாதிரி. அதான் குடிச்சா. கை ராசி ஒண்ணும் இல்ல."

நெஸ்டா கண்ணாடியைக் கழற்றினாள். "தொட்டியிலேருந்து வந்த பால். காய்ச்சாதது. மூணு மாசக் குழந்தைக்கு."

"நான் கன்னுக்குத்தான்…"

"அது கன்னு இல்ல, இத்வால். கன்னுக்கு அம்மா மாடு. இதுக்கு அம்மா இங்க உட்கார்ந்திருக்கா, பாரு."

மெலெரி குவளையை நகர்த்திவிட்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"எத்தன தடவ?"

"நட்சத்திரம் போட்டதெல்லாம்." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணத் தவிர. அன்னிக்கும் அப்புறம் தோய்ச்சேன்" என்றான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "நான் வாய் கொப்பளிச்சுட்டு முத்தம் குடுத்தேன்" என்றாள். "நீ அந்த நாற்காலியில உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த."

அவன் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தான்.

"இன்னிக்கு முதல் நாள்" என்று நெஸ்டா நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். "மறுபடி நாலு வாரம். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். திங்கட்கிழமைக்கு முன்னாடி வாயத் திறந்தியே, அந்த மட்டும் புண்ணியம்."

மெலெரி எழுந்து கொட்டகைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்புப் பட்டை. மாட்டுக் காலுக்கானது, அகலமாக. அவன் வலது கையைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினாள்.

"இது இருக்கிற வரைக்கும் இந்தக் கை பாட்டிலைத் தொடக் கூடாது. நான்தான் அவிழ்ப்பேன்."

பட்டையோடுதான் கறந்தான், பட்டையோடுதான் சந்தைக்குப் போனான். "எந்த மடியிலடா வீக்கம்?" என்று கெத்தின் கேட்டபோது, ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். நடந்ததை அப்படியே சொன்னான். சந்தையில் கேட்டவர்களுக்கும் சொன்னான். சிலர் சிரித்தார்கள், ஒருத்தி முகத்துக்கு நேரே, "நீயெல்லாம் ஒரு அப்பன்" என்றாள். சாணிக் குழிக்குத் தொட்டியைத் திறந்துவிட்ட கதையை அவன் அதன் பிறகு எடுக்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

மெலெரி பட்ட பாடு சொல்லி மாளாது. பசி முற்றுவதற்கு முன்பே மாவைக் கரைத்து வைத்து, ஒரு மிடறு, ஒரு நடை, ஒரு மிடறு, ஒரு பாட்டு என்று முற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் புகட்டினாள். முதல் வாரம் முழுக்கப் போராட்டம். இரண்டாவது வாரம் ஹெலெத் அந்த வாடைக்குப் பழகினாள். மூன்றாவது வாரம் கன்னத்தில் தோல் தோலாக உரிந்து, அடியில் புதுத் தோல் வந்தது. டயாப்பரில் சிவப்பு நின்றது. இத்வால் வாசலில் நின்று பார்ப்பான், உள்ளே வரமாட்டான். யாரும் வராதே என்று சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் நாள் நெஸ்டா வந்து, பார்த்து, எழுதிக்கொண்டு போனாள். "சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துச்சு. மிச்சத்த டாக்டர் சொல்வார். இப்போதைக்கு இந்த மாவுதான்."

அவள் கார் கிளம்பியதும் மெலெரி ஒரு பாட்டிலைக் கரைத்து அவனிடம் நீட்டினாள். அவன் மணிக்கட்டை நீட்டினான், அவிழ்ப்பாள் என்று. அவள் அவிழ்க்கவில்லை.

"கழுவிட்டு வா. குடுத்துப் பாரு."

முழங்கைவரை கழுவினான், பட்டையையும் சேர்த்து. ஹெலெத்தை மடியில் வாங்கிக் காம்பை வாயில் வைத்தான். அவள் உறிஞ்சவில்லை. நாக்கை நீட்டிக் காம்பின் நுனியை நக்கினாள். மற்றவர்களிடம் மறந்துபோனது அவன் மடிக்கு வந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. மறுபடி நக்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள், காத்திருந்தாள். பிறகு உதடு பிதுங்கி அழத் தொடங்கினாள்.

ஜன்னலோரத்தில் இப்போது குவளை இல்லை. இருந்திருந்தாலும் அவன் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். எழுந்து நடந்தான். ஒரு மிடறு, ஒரு நடை. கால் மணி நேரம் கத்தித் தீர்த்துவிட்டு, விக்கலோடு விக்கலாக அவள் குடிக்க ஆரம்பித்தாள். முழுதும் குடிக்கவில்லை, பாதிதான்.

மெலெரி நோட்டில் அவுன்ஸை எழுதினாள். நட்சத்திரம் போடவில்லை.

"பட்டை?" என்றான் மெதுவாக.

"மாட்டுக்கு எத்தன நாள்ல அவிழ்ப்ப?"

"போட்ட ஊசியப் பொறுத்து."

"அப்போ இரு" என்றாள் அவள், குழந்தையை வாங்கிக்கொண்டு. "இன்னும் உள்ள இருக்கு."