உப்பலை விட மெட்ராஸ் பக்கம்

நான் அன்றைக்கே சொன்னேன். ஹைதராபாத்தில் ஒருத்தரும் நம்பவில்லை.

"பாருங்க, ஒரு நாள் நம்ம ராமச்சந்திராபுரத்துக்கு உப்பல் தூரமாயிடும், மெட்ராஸ் பக்கமாயிடும்!" என்று கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே முழங்கினேன். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் "ஹவ் சார்" என்று ஆமாம் போட்டார், பாவம்.

அந்த பஸ்ஸின் டீசல் வாசனை இன்னும் மூக்கிலேயே நிற்கிறது...

நகரத்தின் இந்தக் கோடியில் நாங்கள், அந்தக் கோடியில் உப்பல். பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் போட்ட பவுடர் கரைந்து சட்டைக்கு வந்துவிடும். மெட்ராஸ் என்றால் ரயிலில் ஒரு ராத்திரி முழுக்க.

அப்போதுதான் என் மகள் வித்யாவுக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒன்று, உப்பலில் இருக்கும் என் மச்சான் கொண்டுவந்த பையன். இன்னொன்று மெட்ராஸ் பையன். மெட்ராஸ் பையனின் போட்டோ மட்டும் ஷோகேஸிலிருந்து வித்யாவின் புத்தகத்துக்குள் போயிருந்தது.

என் மனைவி சரசு அசைகிற மாதிரி இல்லை.

"உப்பல்னா, பிள்ளைக்கு ஒரு தலைவலின்னா பஸ் ஏறி ஓடிருவேன். மெட்ராஸ்னா என்ன பண்றது? வேண்டவே வேண்டாம், நக்கோ!"

கோபம் வந்தால் அவளுக்கு ஹைதராபாத் பாஷை வந்துவிடும்.

அங்கேதான் நான் நுழைந்தேன்.

"போன வருஷம் கம்பெனி வேலையா மெட்ராஸ் போனேனே, அது ரயில்னா நெனச்சே? ஏரோப்ளேன்! ஒண்ணே கால் மணி நேரம். காபி கொடுத்தாங்க, ஆறுறதுக்குள்ள மெட்ராஸ். கீழே கிருஷ்ணா நதி, நம்ம வித்யா ரிப்பன் மாதிரி கிடக்குது."

சரசு என் முகத்தையே பார்த்தாள்.

"காபி சூடா இருந்துச்சா?"

"நாக்கு பொசுங்கிடுச்சு."

"சரி... மெட்ராஸே பண்ணிடலாம்."

உள்ளே டிவி சத்தம் திடீரென்று கூடியது. வித்யாதான்.

இதோ, இந்த ஞாயிற்றுக்கிழமை. வித்யா மெட்ராஸில் இட்லி சாப்பிட்டுவிட்டுக் குழந்தையோடு விமானம் ஏறினாள். மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில். மச்சானும் உப்பலிலிருந்து காரில் கிளம்பினான். சாம்பாரை இரண்டாம் தடவை சூடு பண்ணும்போது போன்.

"அத்தான், செம டிராஃபிக். இன்னும் பாதி ஊர்கூட தாண்டல."

"மெட்ராஸ்காரி சாப்பிட்டுக் கையே கழுவிட்டாடா!"

பேத்தி என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று பஸ்ஸில் சிரித்தவர்கள் யாராவது பக்கத்தில் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எல்லோரும் ரிட்டயராகி ஆளுக்கொரு ஊர் போய்விட்டார்கள். பரவாயில்லை, இனிமேல் எந்த ஊர்தான் தூரம்?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்...

கல்யாணத்துக்குப் பிறகு சரசுவும் நானும் மகளைப் பார்க்க விமானம் ஏறினோம். சீட் பெல்ட்டை நான் வேட்டி முடிச்சு மாதிரி முடிந்துகொண்டிருந்தேன். சரசு குனிந்து டக்கென்று மாட்டிவிட்டாள்.

"போன தடவை யாரு மாட்டிவிட்டாங்க?" என்றாள்.

போன தடவை என்று ஒன்று இல்லவே இல்லை. போனது ரயில். காபி வாங்கியது கூடூர் ஸ்டேஷனில்.

நாக்கு பொசுங்கியது மட்டும் சத்தியமாக நிஜம்.