கையில் தெம்பு இல்லையா, காரில் கோளாறா?

எங்கள் வீட்டுப் பழைய காரை நான் மட்டும்தான் ஓட்டுவேன். பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது ஸ்டியரிங் கனமாக இருந்தது. மாமியாரிடம் சொன்னேன். "புள்ள பெத்த உடம்பும்மா, கையில தெம்பு இல்ல" என்று தினமும் இரண்டு முட்டை கொடுத்தார். நானும் நம்பிச் சாப்பிட்டேன். ஸ்டியரிங் மேலும் இறுகியது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட ஒரு நாள் மூவருமாகப் பாகூருக்குக் கிளம்பினோம். வாய்க்கால் ஓர வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. கார் வளைந்தபடியே வாய்க்காலை நோக்கிப் போனது. பிரேக்கை அழுத்தி மிதித்தேன்; கரையோரம் நின்றது. மாமியார் மடியில் இருந்த குழந்தையின் தூக்கம் கலையவில்லை.

போன் செய்ததும் வந்த கிருமாம்பாக்கம் மெக்கானிக் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் ராடைக் கழற்றினார். சக்கரங்கள் எளிதாகத் திரும்பின, ஸ்டியரிங்தான் அசையவில்லை.

"ஸ்டியரிங் பாக்ஸ் உள்ள இறுகிப்போச்சிக்கா. மாத்தணும்."

"என் கையிலதான் தெம்பு இல்லன்னு நெனச்சேன்பா."

"இன்னாக்கா, நானே மல்லுக்கட்றேன்!"

மாமியார் சிரித்துவிட்டார். "அப்போ அத்தினி முட்டையும் வீணாம்மா?"

புது பாக்ஸ் மாட்டியதும் ஸ்டியரிங் லேசாகச் சுழன்றது. இப்போதெல்லாம் வண்டியில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் என்னையே குறை சொல்லிக்கொள்வதில்லை. குழந்தையை ஏற்றும் முன், ஓட்டத் தெரிந்த இன்னொருவரை ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.